குளிரை வெல்லும் குழாய்

காஞ்சிபுரம் மாவட்டத்தில், சென்னைக்குத் தென்மேற்கே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவில் அமைந்த பழம்பேரூர் உத்தரமேரூர். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற கல்வெட்டுகள் அவ்வூருக்கு அழியாப் புகழைத் தந்துள்ளன. ஊரை முப்பது குடும்புகளாகப் பகுத்து, தகுதியுடையார் பெயர்களை ஓலைகளில் எழுதிக் குடத்தில் இட்டுக் குலுக்கி எடுத்து, ஊர்ப்பணிக்குரிய வாரியங்களை அமைத்த முறையை அக்கல்வெட்டுகள் விரித்துரைக்கின்றன. அவ்வாரியங்களுள் ஒன்று ஏரி வாரியம். அறுவர் அடங்கிய அவ்வாரியம் ஊரின் ஏரியைப் பேணும் பொறுப்பைத் தாங்கியிருந்தது. வைரமேக தடாகம் என்று பழைய கல்வெட்டுகள் குறிக்கும் ஏரியை உடையது அவ்வூர்.

ஏரியைக் காக்க ஒரு வாரியம் வேண்டுமோ என்று சிலர் வினவலாம். வேண்டும். ஏரியில் நீர் நிறைந்திருத்தல் மட்டும் போதாது. அந்நீர் மதகின் வழியே இறங்கி, வாய்க்காலில் ஓடி, வயலைச் சென்றடைதல் வேண்டும். மதகின் கண்ணில் மண்ணும் சருகும் அடைத்துக்கொண்டால், நிறைந்த ஏரியின் கீழேயே பயிர் வாடிப்போகும். நீர் இருப்பது வேறு. நீர் செல்வது வேறு. செல்லும் வழியைக் காப்பவர் இல்லையேல் இருக்கும் நீரும் இல்லாத நீரே ஆகும். உழவர் அனைவரும் அறிந்த உண்மை இது.

இவ்வுண்மை நிலத்திற்கு மட்டும் உரியதன்று, வானத்திற்கும் உரியது. நம் தலைக்கு மேலே வெண்புள்ளி போல் விரைந்து செல்லும் விமானத்தின் உள்ளேயும் பல வாய்க்கால்கள் ஓடுகின்றன. இறக்கைகளில் நிரப்பிய எரியெண்ணெய் எஞ்சினை நோக்கி ஓடுகின்றது. எஞ்சினின் உராய்வைத் தணிக்கும் எண்ணெய் ஓயாது சுற்றி வருகின்றது. சக்கரங்களை மடக்கவும் நீட்டவும், வால்துடுப்பைத் திருப்பவும் உதவும் அழுத்த எண்ணெய், ஒரு சதுர அங்குலத்திற்கு 3,000 பவுண்டு அளவான அழுத்தத்துடன் குழாய்களில் பாய்கின்றது. பயணிகள் அருந்தும் நீரும், கை கழுவிய நீரும் தத்தம் வழியே செல்கின்றன. இவற்றுள் ஒன்று தடைப்பட்டாலும் இடர் நேரும். அவ்வாறு தடைப்படாமல் காக்கும் கருவிகளுள் ஒன்றே, வெப்பமூட்டிய நெகிழ்குழாய். அதன் அமைப்பையும் பயனையும் இப்பாடத்தில் காண்போம்.

முதலில், வானத்தில் இக்குழாய்களுக்குப் பகையாய் நிற்பது யாது என்பதை அறிதல் வேண்டும். அப்பகை குளிரேயாம். தரையிலிருந்து மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்ந்துகொண்டே போகும். ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறத்தாழ 6.5 பாகை செல்சியசு வீதம் வெப்பம் குறையும். விமானப் பொறிஞர்கள் கணக்கிற்குக் கொள்ளும் பொது அளவின்படி, கடல் மட்டத்தில் 15 பாகையாக உள்ள வெப்பம் 11 கிலோமீட்டர் உயரத்தில் சுழிக்குக் கீழ் 56.5 பாகையாக இறங்கிவிடும். நம் நாடு வெப்ப நாடு ஆதலின் இங்கு அவ்வுயரத்தில் குளிர் சிறிது குறைவு. ஆயினும் என்? சித்திரை வெயிலில் உத்தரமேரூர் வயல்வெளி 40 பாகை வெப்பத்தில் வேகும் அதே வேளையில், அதற்கு நேர் மேலே 11 கிலோமீட்டர் உயரத்தில் சுழிக்குக் கீழ் ஏறத்தாழ 40 பாகைக் குளிர் நிலவும். கோடையும் கொடும்பனியும் ஒரே இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்பது வியப்பன்றோ?

பழைய நாளில் விமானங்களுக்கு இத்தொல்லை பெரிதாக இருக்கவில்லை. 1932 ஆம் ஆண்டு அக்டோபர் 15 ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் மூட்டையுடன் ஒரு சிறு விமானத்தைச் செலுத்தினார். பம்பாயிலிருந்து அந்த அஞ்சலை நெவில் வின்சென்ட் சென்னைக்குக் கொண்டுவந்தார். அச்சிறு விமானங்கள் தாழ்வாகப் பறந்தன. நெடுந்தொலைவையும் இடையிடையே இறங்கி இறங்கியே கடந்தன. அவற்றில் குடிநீர்க் குழாயும் இல்லை; குளியலறையும் இல்லை. இக்காலத்துப் பெருவிமானங்களோ 10 முதல் 12 கிலோமீட்டர் உயரத்தில், பத்து மணி நேரத்திற்கு மேலும் இடைவிடாது பறக்கின்றன. ஆதலின் அவற்றின் உடல் முழுவதும் குளிரில் ஊறிப்போகின்றது. பயணிகள் அமரும் அறை இதமான வெப்பத்துடன் இருப்பினும், அதன் தளத்திற்குக் கீழே, வெளித்தகட்டை ஒட்டிச் செல்லும் குழாய்கள் அவ்விதத்தை அறியா.

நீர் சுழிப் பாகையில் உறைந்து பனிக்கட்டியாகும். உறையும்போது அது பருமனில் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருகும். நிறைய நீர் ஊற்றி மூடிய கண்ணாடிப் புட்டியைக் குளிர்பெட்டியின் உறைநிலை அறையில் வைத்துவிட்டால் அது வெடித்துப்போவதைப் பலர் கண்டிருப்பர். விமானத்தின் குழாயிலும் அதுவே நிகழும். முதலில் ஓட்டம் நிற்கும். பின்னர்க் குழாய் பிளக்கும். விமானம் இறங்கியபின் பனி உருகி, பிளவின் வழியே நீர் கசிந்து, கீழே உள்ள மின்கம்பிகளையும் கருவிகளையும் நனைக்கும். இங்ஙனம் ஒரு துன்பம் மற்றொரு துன்பத்தைப் பெறும்.

அங்ஙனமாயின், தடித்த இரும்புக் குழாய்களை அமைத்தால் என்ன என்று கேட்கலாம். விமானத்தில் விறைத்த குழாய்கள் பல உண்டு. ஆனால் எல்லா இடத்திலும் அவை பொருந்தா. விமானம் ஓர் அசையாக் கட்டடம் அன்று. பறக்கும்போது அதன் இறக்கைகள் வில்லைப்போல் வளையும். பெருவிமானங்களில் இறக்கையின் நுனி ஒரு மீட்டருக்கு மேலும் உயர்வதுண்டு. எஞ்சின் இடைவிடாது அதிரும். சக்கரத்தைத் தாங்கும் கால் மடங்கி நீளும். குளிரில் உலோகத் தகடு சுருங்கும். தரைக்கு வந்ததும் விரியும். இத்தகைய இடங்களில் விறைத்த குழாயை இருபுறமும் இறுகப் பிணைத்தால், நாள்தோறும் வளைக்கப்படும் கம்பியைப்போல அது ஒருநாள் முறிந்துவிடும். ஆதலின், அசையும் இரண்டு உறுப்புகளுக்கு இடையே வளைந்துகொடுக்கும் குழாய் இன்றியமையாததாகின்றது. பம்புசெட்டின் வாயில் மாட்டி, வரப்பின்மேல் வளைத்து வளைத்து இழுத்துச் செல்லும் ஓஸ் குழாயை நாட்டுப்புறத்து மாணவர் நன்கறிவர். விமானத்தின் நெகிழ்குழாய் அதன் இனத்ததே. ஆனால் அது வளர்ந்த வீடு வேறு. கற்ற கல்வி வேறு.

ஏனெனில், வளைவது என்னும் அப்பண்பையே குளிர் பறித்துவிட வல்லது. ரப்பர் குளிர்ந்தால் விறைத்துப்போகும். இவ்வுண்மையை உலகம் பெருந்துயரத்தின் வழியே உணர்ந்தது. 1986 ஆம் ஆண்டு சனவரி 28 ஆம் நாள், அமெரிக்க நாட்டின் சாலஞ்சர் என்னும் விண்ணோடம் புறப்பட்ட 73 விநாடிகளில் சிதறி அழிந்தது. அதிற் சென்ற எழுவரும் மாண்டனர். புறப்பட்ட இடத்தில் அன்று வழக்கத்திற்கு மாறான குளிர். விண்ணோடத்தை உந்திச் செல்லும் ராக்கெட்டின் மூட்டுகளில் இருந்த ரப்பர் வளையம் அக்குளிரில் விறைத்து, தன் இடுக்கை உடனே நிறைக்க மாட்டாமற் போயிற்று. அதன் வழியே வெந்தீ வெளிப்பட்டது. காரணம் ஆராய்ந்த குழுவில் ரிச்சர்டு ஃபைன்மன் என்னும் இயற்பியல் அறிஞர் இருந்தார். அவர் அனைவரும் காண, அவ்வளையத்தின் துண்டொன்றை ஓர் இடுக்கியால் நெருக்கி, பனிக்கட்டி இட்ட நீரில் அமிழ்த்தினார். சிறிது நேரம் சென்று எடுத்து இடுக்கியைத் தளர்த்தியபோது, ரப்பர் தன் பழைய வடிவிற்கு உடனே மீளவில்லை. நூறு பக்க அறிக்கை உணர்த்துவதை ஒரு குவளைக் குளிர்நீர் உணர்த்திவிட்டது.

எனவே விமானக் குழாயைச் செய்வோர் பொருளைத் தேர்ந்தெடுப்பதில் மிக்க கருத்துடையவராய் இருக்கின்றனர். குழாயின் உட்பகுதி பெரும்பாலும் டெஃப்ளான் என்னும் வழவழப்பான பொருளாலோ, குளிரிலும் விறைக்காத சிலிக்கோன் ரப்பராலோ செய்யப்படும். டெஃப்ளானை 1938 ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் ராய் பிளங்கெட் என்னும் வேதியியலார், வேறொன்றைத் தேடும்போது தற்செயலாய்க் கண்டார். அது சுழிக்கு மேல் 260 பாகை வெப்பத்தையும் தாங்கும். சுழிக்குக் கீழ் 60 பாகைக் குளிரிலும் நொறுங்காது. எண்ணெயிலும் அமிலத்திலும் கரையாது. நம் வீடுகளில் தோசை ஒட்டாத கல்லின்மேற் பூசப்படுவதும் அப்பொருளேயாம். உட்குழாயின்மேல், பாயைப் பின்னுவதுபோல மெல்லிய எஃகுக் கம்பிகளாற் பின்னிய உறை ஒன்று இறுகப் போர்த்தப்படுவதுண்டு. உள்ளிருந்து பாயும் அழுத்தத்தால் குழாய் உப்பி வெடிக்காமல் அவ்வுறை காக்கும். பின்னலாய் இருத்தலின் வளைவதையும் தடுக்காது.

இனி, வெப்பம் எங்கிருந்து வருகின்றது என்று காண்போம். உட்குழாயைச் சுற்றி, கொடிபோலப் படர்ந்து, மெல்லிய மின்தடைக் கம்பி ஒன்று சுற்றப்பட்டிருக்கும். சலவைப் பெட்டியின் உள்ளே உள்ள கம்பி மின்சாரம் பாய்ந்ததும் எங்ஙனம் சூடேறுகின்றதோ, அங்ஙனமே இதுவும் சூடேறும். அவ்வெப்பம் வெளியே சென்று வீணாகாதபடி அதன்மேல் வெப்பம் கடத்தாத ஓர் உறையும், யாவற்றிற்கும் மேலே ஈரமும் உராய்வும் தீண்டாதபடி ஒரு புறவுறையும் அமையும். எஞ்சினால் சுழற்றப்படும் மின்னாக்கியே இதற்கு மின்சாரம் தருகின்றது. நம் வீட்டிற்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்டு அழுத்தமுடையது. விநாடிக்கு 50 சுழற்சிகளாகத் திசை மாறி மாறிப் பாய்வது. பெருவிமானங்களில் பெரிதும் வழங்குவது 115 வோல்ட்டு. அது விநாடிக்கு 400 சுழற்சிகளாகத் திசை மாறி மாறிப் பாயும். அவ்வாறு விரைந்து மாறுதலால் மின்கருவிகளை எடை குறைந்தனவாகச் செய்ய இயலும். விமானத்தில் ஒவ்வொரு கிலோகிராமும் கணக்கிற்கு உரியது அன்றோ?

கம்பி எப்போதும் எரிந்துகொண்டே இருப்பதில்லை. தெர்மோஸ்டாட் என்னும் சிறு காவலன் ஒருவன் அங்கு அமர்ந்திருக்கின்றான். நீர் உறையும் நிலையை நெருங்கும்போது அவன் மின்சாரத்தை விடுவான். போதிய வெப்பம் ஏறியதும் நிறுத்துவான். அவன் பணி நீரைக் கொதிக்க வைப்பதன்று. அதை ஓட வைப்பதே. மழைக்காலத்தில் மதகைத் தாழ்த்தியும் கோடையில் உயர்த்தியும் அளவறிந்து நீர் விடும் மடைக்காரனை ஒத்தவன் அவன்.

இத்தகைய குழாய்கள் குடிநீர்த் தொட்டியிலிருந்து நீர் செல்லும் வழியிலும், தொட்டியை நிரப்பவும் வடிக்கவும் அமைந்த வாயில்களிலும், கழிவுநீர் செல்லும் வழியிலும் பயன்படுகின்றன. கை கழுவிய நீர், விமானத்தின் அடிவயிற்றில் சிறு துடுப்பைப்போல நீட்டிக்கொண்டிருக்கும் வடிகுழல் வழியே வெளியே விடப்படுவதுண்டு. அவ்வடிகுழலும் மின்சாரத்தாற் சூடேற்றப்படும். இல்லையேல் வெளிவரும் நீர் அதன் வாயிலேயே உறைந்து, துளித்துளியாய்த் திரண்டு பெரும் பனிக்கட்டியாய்த் தொங்கி, பின்னர் முறிந்து விழும். கழிப்பறை நீரோ வெளியே விடப்படுவதில்லை. அது தனித்தொட்டியிற் சேர்க்கப்பட்டு, தரை இறங்கியபின் அகற்றப்படும். ஆயினும் அத்தொட்டியின் வாயிலில் உள்ள அடைப்பு பழுதுபட்டுக் கசிந்தால், அக்கசிவும் வெளித்தகட்டில் உறைந்து கட்டியாகும்.

இது வெறும் கற்பனையன்று. 2018 ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், அரியானா மாநிலத்தின் குருகிராம் மாவட்டத்தில் உள்ள ஃபாசில்பூர் பாட்லி என்னும் சிற்றூரின் வயலில், வானிலிருந்து பெரும் பனிக்கட்டி ஒன்று பேரோசையுடன் வீழ்ந்தது. ஊரார் ஓடிவந்து கூடினர். விண்ணிலிருந்து வந்த அரும்பொருள் என்று எண்ணிச் சிலர் அதன் துண்டுகளை வீட்டிற்கு எடுத்துச் சென்று குளிர்பெட்டியிற் போற்றி வைத்தனர். பின்னர் வந்து பார்த்த அதிகாரிகள், அது விமானத்தின் கழிவுநீர் உறைந்து வீழ்ந்த கட்டியாய் இருத்தல் கூடும் என்று ஐயுற்றனர். அவ்வேளையில் அவ்விடத்தில் ஓர் உழவர் குனிந்து களை பறித்துக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வானத்தில் செல்லும் குழாயின் நலம், விமானத்தில் இருப்பவருக்கு மட்டுமின்றி, அதில் ஒருநாளும் ஏறாத சிற்றூராருக்கும் உரிய நலமே என்பது இதனாற் புலனாகும்.

நீர்க்குழாயைவிட இன்னும் விழிப்புடன் காக்க வேண்டியது எரியெண்ணெய்க் குழாய். விமான எரியெண்ணெய் எளிதில் உறையாது. சுழிக்குக் கீழ் 40 பாகைக்கும் கீழே சென்றாலன்றி அது உறைவதில்லை. ஆனால் அவ்வெண்ணெயில் எப்போதும் சிறிதளவு நீர் கலந்தே இருக்கும். எண்ணெய் குளிரும்போது அந்நீர் பிரிந்து நுண்ணிய பனித்துகள்களாகும். எண்ணெய்க்கு அருகில் மின்கம்பியால் வெப்பமூட்டுதல் அஞ்சத்தக்கது. எண்ணெயின் அளவும் மிகப் பெரிது. ஆதலின் பொறிஞர்கள் வேறொரு நல்ல வழி கண்டனர். எஞ்சினில் ஓடும் எண்ணெய் மிகச் சூடானது. அதைக் குளிர்விக்க வேண்டும். இறக்கையிலிருந்து வரும் எரியெண்ணெய் மிகக் குளிர்ந்தது. அதைச் சூடாக்க வேண்டும். இரண்டையும் கலவாமல் அருகருகே ஓடவிட்டால் ஒன்றன் மிகை மற்றொன்றன் குறையை நிரப்பும். இதற்கென அமைந்த கருவியில் ஆயிரத்துக்கு மேற்பட்ட நுண்குழாய்கள் நெருங்கி நிற்கும். அவற்றின் உள்ளே எரியெண்ணெயும் புறத்தே சூடான எண்ணெயும் ஓடும்.

இவ்வளவு அமைப்பு இருந்தும், ஒருநாள் பனி வென்றது. 2008 ஆம் ஆண்டு சனவரி 17 ஆம் நாள், பெய்ஜிங் நகரிலிருந்து இலண்டன் நகருக்கு பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிறுவனத்தின் போயிங் 777 விமானம் ஒன்று பறந்து வந்தது. அதில் 136 பயணிகளும் 16 பணியாளரும் இருந்தனர். வழியிற் கடுங்குளிர், எரியெண்ணெயின் வெப்பம் சுழிக்குக் கீழ் 34 பாகை வரை இறங்கியது. பத்து மணி நேரம் எவ்விடரும் இல்லை. ஹீத்ரோ நிலையத்தில் இறங்குதற்காகத் தாழ்ந்து வந்து, தரைக்கு மேல் 720 அடி உயரத்தில் இருந்தபோது, வலப்புற எஞ்சின் ஆற்றல் குன்றியது. ஏழு விநாடிகளில் இடப்புற எஞ்சினும் அங்ஙனமே குன்றியது. விமானிகள் கூடுதல் ஆற்றலை வேண்டினர், எஞ்சின்கள் தரவில்லை. கீழே சாலையும் வீடுகளும் இருந்தன. தலைமை விமானி பீட்டர் பர்க்கில் இறக்கையின் பின்மடலைச் சிறிது உள்ளிழுத்துக் காற்றின் தடையைக் குறைத்தார். துணை விமானி ஜான் கோவர்ட் விமானத்தைச் செலுத்தினார். ஓடுதளத்திற்கு ஏறத்தாழ 330 மீட்டர் முன்னரே, நிலைய எல்லைக்கு உள்ளே இருந்த புல்தரையில் விமானம் வீழ்ந்து சறுக்கி நின்றது. ஒருவர் கடுங்காயம் உற்றார். பலர் சிறு காயம் உற்றனர். உயிரிழந்தார் எவரும் இலர்.

ஆராய்ச்சியாளர் இரண்டு ஆண்டுகள் உழைத்துக் காரணம் கண்டனர். விமானம் உயரத்தில் சீராகப் பறந்த நெடுநேரமும் எரியெண்ணெய் மெல்ல ஓடியது. அப்போது பனித்துகள்கள் குழாய்களின் உட்சுவரில் மெல்ல மெல்லப் படிந்தன. இறங்கும் வேளையில் எஞ்சின்கள் மிகுதியான எண்ணெயை ஈர்த்தபோது, படிந்த பனி திடீரெனப் பெயர்ந்து ஒருங்கே சென்று, வெப்பமாற்றும் கருவியின் நுண்குழாய் வாயில்களை மூடிக்கொண்டது. அவ்வாயில்கள் தட்டத்தின் பரப்பிலிருந்து சற்றே துருத்திக்கொண்டிருந்தமையால் பனி அங்கே எளிதிற் பற்றியது. புறப்படும்போது விமானத்தில் இருந்த எரியெண்ணெய் ஏறத்தாழ 79,000 கிலோகிராம். அதனுள் இருந்த நீரோ ஏறத்தாழ 5 லிட்டர். ஒரு சிறு குடத்தையும் நிரப்பாத நீர். அந்நீர் 152 உயிர்களை ஊசலாட வைத்தது. தொட்டியில் எண்ணெய் இருந்தது. ஆனால் எஞ்சினுக்குச் செல்லவில்லை. நிறைந்த ஏரியும் அடைபட்ட மதகும் போல ஆயிற்று அந்நிலை.

அவ்விபத்தின் பின்னர் விமானிகளுக்குப் புதிய நெறிகள் வகுக்கப்பட்டன. அவை விரைவிலேயே பயன் தந்தன. அதே ஆண்டு நவம்பர் 26 ஆம் நாள், ஷாங்காய் நகரிலிருந்து அட்லாண்டா நகருக்குச் சென்ற டெல்டா நிறுவனத்தின் அதே வகை விமானத்தில் ஓர் எஞ்சின் அவ்வாறே ஆற்றல் குன்றியது. விமானிகள் புதிய நெறிப்படி எண்ணெயின் ஓட்டத்தைக் குறைத்து, தாழ்ந்த உயரத்திற்கு இறங்கினர். பனி உருகியது; எஞ்சின் மீண்டது; விமானம் நலமே சென்று இறங்கியது. பின்னர் அவ்வகை எஞ்சின்களின் வெப்பமாற்றும் கருவி, நுண்குழாய் வாயில்கள் துருத்தாமல் தட்டத்தோடு தட்டமாய் அமையும்படி திருத்திச் செய்யப்பட்டது.

குளிர் இவ்வளவு கொடியதாயின், வெப்பத்தை மிகுதியாக வைத்துவிட்டால் அச்சமில்லையே என்று எண்ணலாகாது. வெப்பமும் அளவு கடந்தால் பகையாகும். 2002 ஆம் ஆண்டு மே 13 ஆம் நாள், கனடா நாட்டில் வான்கூவரிலிருந்து டொராண்டோவுக்கு வந்த ஏர் கனடா நிறுவனத்தின் போயிங் 767 விமானம் ஒன்று இறங்கும் தறுவாயில், அதன் சரக்கறையில் தீப்பற்றியது. விமானிகள் தீயணைப்பு வாயுவைச் செலுத்தி, விமானத்தை விரைந்து இறக்கினர். அனைவரும் உயிர் தப்பினர். ஆராய்ந்தபோது தீயின் தோற்றுவாய் தெரிந்தது. நீர்க்குழாய் உறையாமல் இருத்தற்பொருட்டுச் சுற்றியிருந்த வெப்ப நாடாவில் மின்கசிவு நேர்ந்து பொறி பறந்திருக்கின்றது. தளத்தின் அடியிற் சேர்ந்திருந்த குப்பையும், அருகில் இருந்த போர்வை போன்ற உறையும் அப்பொறியைப் பற்றிக்கொண்டன. காக்க வைத்த கருவியே கேடு விளைக்க முற்பட்டது. கருவியின் பிழை பாதி. கவனியாமற் சேரவிட்ட குப்பையின் பிழை மறுபாதி.

இவ்விரண்டு நிகழ்ச்சிகளும் நமக்கு உணர்த்துவது ஒன்றே. குழாய்க்குக் குளிரும் ஆகாது. மிகு வெப்பமும் ஆகாது. அளவே அதன் உயிர். அந்த அளவைக் காப்பது கருவி மட்டும் அன்று. கருவியைக் காக்கும் மனிதனும் ஆவான். விமானம் தரையில் நிற்கும் சிறிது நேரத்தில், தொழில்நுட்பப் பணியாளர் ஒருவர் கையில் விளக்குடன் அதன் அடிவயிற்றிற்குள் நுழைகின்றார். புறவுறை எங்கேனும் உராய்ந்து தேய்ந்துள்ளதா, மூட்டிற் கசிவு உண்டா, வெப்பக் கம்பி கருகியுள்ளதா, வளைவு மிகுந்து குழாய் மடங்கியுள்ளதா, அருகில் குப்பை சேர்ந்துள்ளதா என்று தொட்டும் துடைத்தும் பார்க்கின்றார். கண்டதை ஏட்டிற் பதிந்து கையொப்பம் இடுகின்றார். பயணிகள் அவர் முகத்தைக் காண்பதில்லை, பெயரையும் அறிவதில்லை. ஆயினும் நள்ளிரவில் அவர்கள் அமைதியாகத் துயில்வது அவருடைய விழிப்பினால் என்பதை மறத்தல் ஆகாது.

ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் உத்தரமேரூர்ச் சபையார் ஏரியைக் காக்கத் தகுதியுடையாரையே தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கல்லிற் பொறித்தனர். கணக்குக் காட்டாதவர் மீண்டும் அப்பொறுப்பிற்கு வரலாகாது என்றும் விதித்தனர். நீர் செல்லும் வழியைக் காப்பவன் ஊரின் உயிரைக் காப்பவன் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். இன்று அதே காஞ்சிபுரம் மாவட்டத்தில், திருப்பெரும்புதூருக்கு அருகே வல்லம்–வடகால் பகுதியில், விமான உறுப்புகளைச் செய்யும் தொழில்களுக்கென சிப்காட் நிறுவனம் ஒரு தொழிற்பூங்காவை அமைத்துள்ளது. சென்னைக் குரோம்பேட்டையில் 1949 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற சென்னைத் தொழில்நுட்பக் கல்விக்கூடம் விமானப் பொறியியலைக் கற்பித்து வருகின்றது. இராமேசுவரத்துப் படகோட்டி ஒருவரின் மகனாய்ப் பிறந்து, பின்னாளிற் குடியரசுத் தலைவராய் உயர்ந்த அப்துல் கலாம் அங்கே பயின்றவர். ஏரிக்கரையில் வளரும் மாணவருக்கு வானத்தின் தொழில் எட்டாத தொழில் அன்று.

மாணவர்களே! பெரிய பொறிகளைக் கண்டு வியத்தல் எளிது. அப்பொறிகளின் உள்ளே, பிறர் கண்ணிற் படாமற் கிடக்கும் ஒரு முழக் குழாயின் அருமையை உணர்தலே அறிவு. மதகில் அடைத்த சருகை இன்றே எடுப்பவன் நாளை வாடும் பயிரைக் காக்கின்றான். குழாயில் தேய்ந்த உறையை இன்றே மாற்றுபவன் நாளை பறக்கும் உயிர்களைக் காக்கின்றான். நீங்கள் எத்தொழிலை மேற்கொண்டாலும், சிறியது என்று எதையும் இகழாது, உரிய காலத்திற் பார்த்து, உரிய அளவிற் செய்து, செய்ததற்குக் கணக்கும் காட்டும் பழக்கத்தை இளமையிலேயே கைக்கொள்ளுங்கள்.